எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் குடும்பக் கணக்கு எடுப்பது எப்படி?

"மலையடிவாரத்தில் பத்துப் பன்னிரண்டு குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கப் போகிறோம். பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாது. வயது, பிறந்த குழந்தைகள், இறந்தவர்கள், வெளியூர் வேலைக்குப் போனவர்கள் எல்லாம் தெரிய வேண்டும். படம் போட்ட எளிய படிவம் வைத்தால் போதுமா?" என்பது உங்கள் கேள்வி.

படிவத்துக்குக் கடைசியில் வருகிறேன். சிக்கல் அங்கே இல்லை. படிவத்தை நிரப்பப் போவது உங்கள் கணக்கெடுப்பாளர், அவருக்குப் படிக்கத் தெரியும். ஆனால் நாம் கேட்கும் கேள்விகள் காகிதத்தோடு வளர்ந்தவர்களின் ஞாபகத்துக்கு ஏற்ப அமைந்தவை. பிறந்த தேதி, முடிந்த வயது, கல்யாணமான ஆண்டு என்று வாழ்க்கையை எண்களாக அடுக்கி வைத்துக்கொள்வது அவர்களின் பழக்கம். காகிதமே இல்லாமல் வாழ்ந்தவருக்கும் இந்தச் செய்திகளெல்லாம் தெரியும். அவர் அதைப் புயலோடும் திருவிழாவோடும் அப்போது மடியில் இருந்த பிள்ளையோடும் சேர்த்து வைத்திருக்கிறார். அந்த அடுக்கிலிருந்து எடுப்பது நம் வேலை.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் துறையில் இருக்கிறேன். பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்த நாளில் செய்த ஒரு தவறைச் சொன்னால் விஷயம் விளங்கும்.

சுனாமிக்கு அடுத்த ஆண்டு, வேதாரண்யம் பக்கம் ஒரு விவசாயக் கூலிக் குடும்பம். திண்ணையில் ஒரு அம்மா புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். "உங்க வயசு என்னம்மா?" என்று கேட்டேன். "என்ன, ஒரு அம்பது இருக்கும். எழுதிக்கப்பா" என்றார். எழுதிக்கொண்டேன். மாலையில் படிவத்தைப் பார்த்த மேற்பார்வையாளர், "மூத்த மகளுக்கு 41 போட்டிருக்கிறாய், அம்மாவுக்கு 50 போட்டிருக்கிறாய். ஒன்பது வயதில் பெற்றாரா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்.

மறுநாள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த முறை வயதைக் கேட்கவில்லை. 1977 நவம்பரில் வந்த புயலின்போது எங்கே இருந்தீர்கள் என்று ஆரம்பித்தேன். "இந்த வீட்லதான். கடைசிப் பையன் இடுப்புல. கூரை பிச்சுக்கிட்டுப் போச்சு." அதற்கு முந்தின பெரிய புயல்? "தனுஷ்கோடி அழிஞ்சுதே, அதுவா? அப்ப தலைச்சன் தவழ்ந்துக்கிட்டிருந்தா." அது 1964 டிசம்பர், ஆகவே மகளின் 41 சரி. "அதுக்கும் முந்தி ஒண்ணு அடிச்சுது. அப்ப நான் ஆடு மேய்க்கிற பொண்ணு. ரெண்டு ஆட்டைப் பரண்ல தூக்கிப் போட்டு நானும் ஏறிக்கிட்டேன்." அது 1952 நவம்பர் 30, நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயல். அப்போது வயதுக்கு வந்தாயிற்றா? "இல்ல. கும்பகோணத்துல மாமாங்கம் நடந்துச்சுல்ல, அந்த வருஷந்தான்." மகாமகம் 1956-இல் நடந்தது. பேசிக்கொண்டே அவர் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு புளியங்கொட்டையைத் தரையில் வைத்துக்கொண்டு வந்தார். 1952-இல் ஒன்பது வயது என்று வைத்தால் எல்லாம் பொருந்திவந்தது. அவருக்கு அப்போது 62 நடந்துகொண்டிருந்தது. 50-க்கும் 62-க்கும் உள்ள தூரம் பெரியது. முதியோர் உதவித்தொகை கேட்கலாம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. நான் முதலில் எழுதிய எண் அப்படியே நின்றிருந்தால், பயனாளிகள் பட்டியலில் அவர் பெயரே வந்திருக்காது.

ஆகவே முதல் வேலை, உங்கள் பகுதிக்கென்று ஒரு நிகழ்வுக் காலண்டர் செய்வது. உலகெங்கும் இந்த வேலையில் இருப்பவர்கள் செய்வதுதான் இது. ஆனால் பெரும்பாலும் தலைநகரில் உட்கார்ந்து தட்டச்சு செய்த பட்டியல் ஒன்றைக் கணக்கெடுப்பாளர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். இந்திரா காந்தி சுடப்பட்டது, எம்.ஜி.ஆர். இறந்தது, ராஜீவ் காந்தி கொலை, சுனாமி, பணமதிப்பிழப்பு, ஊரடங்கு ஆகியவை எல்லோருக்கும் தெரியும், பட்டியலில் இருக்கட்டும். ஆனால் ஓர் ஊரின் ஞாபகம் அதைவிட நெருக்கமானது. மலைக்கு ரோடு போட்டது, முதல் பஸ் வந்தது, கரண்ட் வந்தது, ஏரி உடைந்தது, யானை ஆளை அடித்தது, கோயில் கும்பாபிஷேகம் என்றுதான் அது போகும். இரண்டு நாள் ஒதுக்கி, ஆணும் பெண்ணுமாக நான்கைந்து பெரியவர்களோடு உட்காருங்கள். பெண்கள் கட்டாயம் வேண்டும். ஆண்களின் பட்டியலில் தேர்தலும் அடிதடியும் நிறைய வரும், பெண்களின் பட்டியலில் அம்மை போட்டதும் பஞ்சம் வந்ததும் சத்துணவு தொடங்கியதும் வரும். எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் 1982 ஜூலையில் தொடங்கியது. நாற்பதைத் தாண்டியவர்களின் தாய்களுக்கு அது நல்ல அடையாளம். ஊர்ச் செய்திகளின் தேதியைப் பள்ளிக்கூடத் திறப்புக் கல்வெட்டு, ஊராட்சிப் பதிவேடு, கோயில் நோட்டீஸ் என்று ஏதாவது ஒன்றில் சரிபாருங்கள். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு நிகழ்ச்சி இருந்தால் போதும்.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வருபவை இருந்தால் அதிர்ஷ்டம். கும்பகோணத்தைச் சுற்றி மாமாங்கம் உண்டு: 1968, 1980, 1992, 2004, 2016. பன்னிரண்டு ஆண்டையே மாமாங்கம் என்று சொல்லும் பேச்சு நம்மிடம் இருக்கிறதே, அதுவே ஓர் அளவுகோல்தான். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் குறிஞ்சி பூப்பதை வைத்துப் பளியர், முதுவர் பழங்குடியினர் வயது சொல்வார்கள். மூணாறுப் பக்கம் 2006-இலும் 2018-இலும் பூத்தது. உங்கள் மலையில் எந்த ஆண்டு பூத்தது என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள், எல்லா மலையிலும் ஒரே ஆண்டில் பூப்பதில்லை.

காலண்டரை வைத்துக் கேட்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. "இந்திரா காந்தி செத்தது ஞாபகம் இருக்கா?" என்றால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள், கேள்விப்பட்டதும் ஞாபகம்தான். "அன்னைக்கு எங்க இருந்தீங்க, என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க, கையில எந்தப் புள்ள?" என்று கேளுங்கள். கையில் இருந்த பிள்ளை பொய் சொல்லாது. ஒரே ஒரு நிகழ்ச்சியை வைத்து முடிவு கட்டவும் வேண்டாம். புயல் என்றால் எந்தப் புயல் என்ற குழப்பம் கட்டாயம் வரும். இரண்டு மூன்று அடையாளங்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும். பெண்களிடம் "வயசுக்கு வந்து எத்தனை வருஷத்தில் கல்யாணம், கல்யாணமாகி எத்தனை வருஷத்தில் தலைச்சன்" என்று கோத்துக்கொண்டே போவது நன்றாக வேலை செய்யும். ஆனால் சில கணக்கெடுப்பாளர்கள் அதையே வாய்ப்பாடாக்கிவிடுவார்கள். பதினான்கில் வயதுக்கு வந்தார், பதினெட்டில் கல்யாணம், இருபதில் பிள்ளை என்று எல்லாப் பெண்ணுக்கும் ஒரே கணக்கு. அப்படிச் செய்தால் நீங்கள் அறிய வந்த செய்தியை நீங்களே எழுதிவைத்துவிட்டுத் திரும்புகிறீர்கள். முகத்தைப் பார்த்து மதிப்பிடுவதும் அப்படித்தான். நான்கு பிள்ளை பெற்று வெயிலில் வேலை செய்யும் முப்பது வயதுப் பெண்ணுக்கு நாற்பது என்று எழுதிவிடுவார்கள்.

இன்னொன்று, நம் ஊரில் வயது என்றால் பெரும்பாலும் நடக்கிற வயது. "எட்டு முடிஞ்சு ஒன்பது நடக்குது" என்று சொல்வதை ஒன்பது என்று எழுதிக்கொள்கிறோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கேட்பது முடிந்த வயது. பெரியவர்களுக்கு ஓராண்டு வித்தியாசம் பெரிதில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது எல்லாவற்றையும் புரட்டிவிடும். எடைக்கும் உயரத்துக்கும் வயதை வைத்துத்தானே ஊட்டச்சத்துக் குறைவைக் கணக்கிடுகிறோம்? குழந்தைக்கு "நடக்குதா, முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு, பிறந்த தமிழ் மாதத்தையும் கேளுங்கள். ஆடியா தையா, அறுப்புக்கு முன்னா பின்னா, தீபாவளிக்கு வயிற்றிலா கையிலா என்பதைத் தாய் உடனே சொல்வார்.

ஆதார் அட்டையும் பள்ளிச் சான்றிதழும் இருக்கிறதே என்று நினைக்கலாம். பாருங்கள், ஆனால் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தேதி தெரியாமல் ஆண்டை மட்டும் உத்தேசமாகச் சொல்லிப் பதிந்த ஆதார்களில் ஜனவரி 1 என்ற பிறந்த நாள் வரிசையாக வரும். ஒரு வீட்டில் நான்கு பேருக்கும் ஜனவரி 1 என்றால், அது உத்தேசம் என்று புரிந்துகொள்ளலாம். பழைய பள்ளிப் பதிவேட்டில் வேறு கதை. கையைத் தலைக்கு மேலே சுற்றிக் காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது என்று சேர்த்துக்கொண்ட காலம் அது. ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து முடிந்திருக்க வேண்டும் என்பதால், மே மாதத்தில் ஒரு தேதியை ஆசிரியரே போட்டுவிடுவார். என் தலைமுறையில் மே மாதத்தில் பிறந்தவர்கள் அவ்வளவு பேர் இருப்பதற்கு அதுதான் காரணம். அட்டையில் உள்ளதையும் காலண்டர் சொன்னதையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுங்கள். இரண்டும் வேறுபட்டால் வேறுபாடே ஒரு செய்தி.

எடுத்த வயதுகள் எவ்வளவு நம்பத்தக்கவை என்று பார்க்க ஒரு பழைய சோதனை இருக்கிறது, விப்பிள் குறியீடு என்று பெயர். 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களை எண்ணிக்கொள்ளுங்கள். அவர்களில் 25, 30, 35 என்று 0-இலும் 5-இலும் முடியும் வயதுக்காரர்கள் எத்தனை பேர்? இயல்பாக ஐந்தில் ஒரு பங்குதான் இருக்க வேண்டும். அவர்கள் எண்ணிக்கையை 5-ஆல் பெருக்கி, மொத்தத்தால் வகுத்து, 100-ஆல் பெருக்குங்கள். 100 வந்தால், உத்தேசமாக முழு எண்ணில் சொன்ன வயதுகளின் குவிப்பு இல்லை. எல்லோரும் 0-இலும் 5-இலும் போய் உட்கார்ந்தால் 500 வரும். ஐ.நா. வகைப்பாட்டில் 105-க்குக் கீழ் மிக நல்லது, 175-க்கு மேல் போனால் மோசம். உங்கள் கணக்கில் 100 பேரில் 40 பேர் அப்படி வந்தால் குறியீடு 200. அப்போது மக்களைக் குறை சொல்ல வேண்டாம், கணக்கெடுப்பாளர் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஒருவருக்கு 120-உம் அடுத்தவருக்கு 260-உம் வரும். அதே ஊர், அதே மக்கள்தான். ஒருவர் உட்கார்ந்து பேசியிருக்கிறார், மற்றவர் நின்றபடியே எழுதியிருக்கிறார்.

கணக்கெடுப்பாளர் தாமாகவே வயதைத் தள்ளும் இடமும் ஒன்று உண்டு. 15 முதல் 49 வயதுப் பெண்களுக்கு நீண்ட கேள்வித்தாள், ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால் இன்னும் பத்துப் பக்கம் என்று வைத்தால், 48 வயதுக்காரர் 50 ஆகிவிடுவார், நான்கரை வயதுக் குழந்தை ஐந்தைத் தாண்டிவிடும். பெரிய தேசிய ஆய்வுகளிலேயே இது நடக்கிறது. 50, 51 வயதுப் பெண்கள் திடீரென்று பெருகியிருந்தால் அங்கே கை வைத்துப் பாருங்கள். மக்கள் பக்கத்துக் காரணங்களும் உண்டு. உதவித்தொகைக்காக வயது கூடும், பதினெட்டு ஆகுமுன் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கும் வயது கூடும். இந்தக் கணக்கு யாருக்கும் போகாது, இதை வைத்து எதையும் நிறுத்த மாட்டார்கள் என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும், சொன்னபடி நடக்கவும் வேண்டும். அரசுக் கணக்கெடுப்புக்கு 1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. தனிமனிதரின் பதிவை நீதிமன்றத்தில் சாட்சியமாகக்கூடக் காட்ட முடியாது. உங்கள் அமைப்புக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. உங்கள் வாக்குதான் சட்டம்.

அடுத்து, வீட்டில் எத்தனை பேர். இது எளிய கேள்வி மாதிரித் தெரியும். "எத்தனை பேரும்மா?" என்று கேட்டால் "நாங்க அஞ்சு பேர்" என்பார். அந்த ஐந்தில் கைக்குழந்தை இருக்காது. தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் இருக்க மாட்டார், ஒட்டிக்கொண்டு சாப்பிடும் விதவை அத்தை இருக்க மாட்டார். ஆகவே எண்ணைக் கேட்காதீர்கள், ஆளைக் கேளுங்கள். அரசுக் கணக்கெடுப்பில் குடும்பம் என்றால் ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள். நம் பேச்சில் ஒரே உலை. "நேத்து ராத்திரி இந்த உலையில யார் யார் சாப்பிட்டீங்க?" என்று ஆரம்பித்து, "இந்த உலைக்காரங்க யாராவது வெளிய இருக்காங்களா? பால் குடிக்கிற குழந்தை? வேலைக்குப் போனவங்க?" என்று தொடருங்கள். அண்ணன் தம்பி ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் உலை இரண்டென்றால் குடும்பம் இரண்டு.

பெயர் கேட்பதிலும் கவனம் வேண்டும். வயதான பெண்கள் பலர் கணவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள், வற்புறுத்தக்கூடாது. பக்கத்தில் இருக்கும் பேரப்பிள்ளையைக் கேட்டால் சட்டென்று சொல்லிவிடும். பெயர் வைக்காத குழந்தை விட்டுப்போவது சாதாரணம். "பெயரில்லை, பெண், தாய் இன்னார்" என்று எழுதிவிட்டு நகருங்கள்.

வீடுகள் விட்டுப்போகாமல் இருக்க, முதல் நாள் ஊர்ப் பொதுவில் கோலப்பொடியில் ஒரு வரைபடம் போட வையுங்கள். பெண்களே போடட்டும். தெரு, கிணறு, கோயில், வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஆளுக்கு ஒரு கூழாங்கல்லோ கொட்டையோ. சுற்றி நிற்பவர்கள் "அந்த வீட்டுல கிழவி இருக்குதே, கல்லு எங்க?" என்று தாமே திருத்துவார்கள். 1980-களின் பிற்பாதியிலிருந்து இந்தியக் கிராமங்களில் பரவிய முறை இது, இதற்கு எழுத்தே தேவையில்லை. ஆனால் ஊருக்குள் ஒதுக்கிவைக்கப்பட்டவர்களின் வீடு அந்தப் படத்திலும் ஒதுங்கிப்போகும் அல்லது வராமலே போகும். ஓடைக்கு அந்தப் பக்கம், சுடுகாட்டுப் பக்கம், தோப்புக் காவல்காரர் குடிசை எல்லாவற்றையும் நடந்து போய்ப் பார்த்துத்தான் படத்தை மூட வேண்டும். சொத்தையும் வருமானத்தையும் பொதுவில் கேட்கவே வேண்டாம். இறந்த குழந்தையையும்தான்.

அதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஒருமுறை ஓர் இளம் பெண்ணிடம் எங்கள் குழுவில் இருந்த ஓர் அக்கா கேட்டுக்கொண்டிருந்தார், நான் சற்றுத் தள்ளி இருந்தேன். எத்தனை குழந்தை? இரண்டு. இறந்துபோனது ஏதாவது? இல்லை. மாமியார் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்து நோட்டை மூடியபின், அக்கா தண்ணீர் கேட்டு உள்ளே போனார். சொம்பைக் கொடுத்துக்கொண்டே அந்தப் பெண் தாழ்ந்த குரலில், "முதல்ல ஒண்ணு பிறந்துச்சுக்கா. தங்கல. ஒரே ஒரு சத்தம் கொடுத்துச்சு, அவ்வளவுதான். அதையும் சொல்லணுமா?" என்று கேட்டார். அக்கா சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லலாம்டா. அதுவும் உன் புள்ளதானே" என்றார். நோட்டைத் திறக்கவில்லை. வெளியே வந்து தெருமுனையில் நின்றுதான் எழுதினார்.

ஒரு சத்தம் கொடுத்த குழந்தை உயிரோடு பிறந்த குழந்தை. கணக்குப்படி அது ஒரு பிறப்பு, ஓர் இறப்பு. "உயிருடன் பிறந்து பின் இறந்த குழந்தைகள் எத்தனை?" என்று படிவத்தில் உள்ளபடியே கேட்டால் அது வராது. "பிறந்ததும் அழுதுச்சா? ஒரு மூச்சாவது விட்டுச்சா?" என்று கேட்டால் வரும். இறந்தது என்ற சொல்லையும் பலர் ஏற்பதில்லை. தங்கல, தவறிப்போச்சு, கைவிட்டுப் போச்சு என்பார்கள். உங்கள் ஊர்ச் சொல் எது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். தேசியக் குடும்பநல ஆய்வில் கேட்கும் வரிசையும் பயனுள்ளது. உங்களோடு இருக்கும் மகன்கள், உங்களோடு இருக்கும் மகள்கள், வேறிடத்தில் இருக்கும் மகன்கள், மகள்கள், அதன் பின்தான் இறந்த குழந்தைகள். கட்டிக்கொடுத்த மகளை மறந்துவிடுவது இந்த வரிசையால் குறைகிறது. கடைசியில் கூட்டிப் பார்த்து, "ஆக மொத்தம் அஞ்சு பிரசவம், சரியா?" என்று கேட்க வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே நான்கைந்து ஆண்டு இடைவெளி இருந்தால், "நடுவுல ஏதாவது பிறந்துச்சா?" என்று மெதுவாக ஒரு முறை, ஒரே முறை. பெண்ணிடம் பெண்தான் கேட்க வேண்டும். மாமியாரோ கணவரோ காதுகொடுக்கும் இடத்தில் கேட்கவே கூடாது.

இந்த எளிய கேள்விகளுக்கு எவ்வளவு வலிமை இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. தேதியே தெரியாத சமூகங்களிலிருந்து குழந்தை இறப்பைக் கணக்கிடும் வழியை, ஆப்பிரிக்கத் தரவுகளோடு வேலை செய்த மக்கள்தொகையியலாளர் வில்லியம் பிராஸ் 1960-களில் உருவாக்கினார். தாயின் வயது உத்தேசமாகத் தெரிந்தால் போதும். 20 முதல் 24 வயதுத் தாய்களின் குழந்தைகளில் இறந்தவர்களின் பங்கு, சிறிய திருத்தத்தோடு, இரண்டு வயதுக்குள் இறக்கும் வாய்ப்பைக் காட்டும். 30 முதல் 34 வயதுத் தாய்களுடையது ஐந்து வயதுக்குள் இறக்கும் வாய்ப்பைக் காட்டும். அதே வழியில், கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ நேரும் தாய் இறப்பைக் கணக்கிட, கூடப்பிறந்த அக்கா தங்கைகளைப் பற்றிக் கேட்கும் முறை 1980-களின் இறுதியில் காம்பியாவில் சோதிக்கப்பட்டது. இதைத் தமிழில் கேட்கும்போது ஒரு பள்ளம் இருக்கிறது. நமக்குப் பெரியப்பா மகளும் அக்காதான், சித்தி மகளும் தங்கைதான். "ஒரே தாய் வயித்துல பிறந்த அக்கா தங்கச்சி" என்று சொல்லாவிட்டால் ஒரே மரணத்தை மூன்று வீட்டில் எழுதுவீர்கள்.

ஆனால் உங்கள் அளவுக்கு விகிதங்களில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. பன்னிரண்டு குடியிருப்பில் ஆண்டுக்கு முப்பது பிறப்பு நடந்தால், ஒரு குழந்தை இறந்தாலே ஆயிரத்துக்கு 33 என்று வரும், இரண்டு என்றால் 67. அந்த எண்ணை மாநில எண்ணோடு ஒப்பிட்டு ஒன்றும் சொல்ல முடியாது. உங்களுக்குத் தேவை முழுமையான பட்டியல்: யார், எப்போது, எப்படி.

"எப்படி" என்பதற்கும் படிப்பறிவு தடையில்லை. மருத்துவர் பார்க்காமல் வீட்டிலேயே நடந்த இறப்பின் காரணத்தைக் குடும்பத்தாரிடம் கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்கள் மொழியிலேயே எழுதி, பின்னர் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே படித்து முடிவு செய்யும் முறை இருக்கிறது. நம் நாட்டில், பிறப்பு இறப்புகளைத் தொடர்ந்து பதியும் மாதிரிப் பதிவுத் திட்டத்தின் வீடுகளில் 2001 முதல் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். அதிலிருந்துதான் இந்தியாவில் 2005-இல் பாம்புக் கடியால் சுமார் 46,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. மருத்துவமனைக் கணக்கில் அதில் சிறு பகுதிதான் இருந்தது. மற்றவர்கள் வீட்டிலும் வயலிலும் இறந்தவர்கள். அவர்களைப் பற்றி எந்தப் பதிவேட்டிலும் இல்லாததைச் சொன்னவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்த தாய்களும் மனைவிகளும்தான்.

மாதிரிப் பதிவுத் திட்டம் என்றதும் இன்னொன்று. 1969-70-இலிருந்து நாடு முழுதும் நடக்கும் திட்டம் இது. உள்ளூர் ஆசிரியரோ அங்கன்வாடிப் பணியாளரோ பிறப்பு இறப்புகளை நடக்க நடக்க எழுதிவருவார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வேறொருவர் அந்த நோட்டைப் பார்க்காமல் வீடு வீடாகக் கேட்டு எழுதுவார். பின் இரண்டையும் ஒப்பிட்டு, பொருந்தாதவற்றை மறுபடி போய்ப் பார்ப்பார்கள். இதன் வேர், புள்ளியியலாளர்கள் சி. சந்திரசேகரனும் டெமிங்கும் 1949-இல் எழுதிய கட்டுரை, கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் எடுத்த தரவுகளை வைத்து எழுதியது. கணக்கு எளிது. முதல் நோட்டில் 80 பிறப்பு, இரண்டாவதில் 75, இரண்டிலும் இருப்பவை 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். 80-ஐ 75-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் 100. கண்டது 95, இருவர் கண்ணுக்கும் தப்பியது ஐந்து. இருவரும் கலந்து பேசிக்கொண்டால் இது பயனற்றுப்போகும். ஊரே சேர்ந்து மறைக்கும் ஒரு பிறப்பையும் இது காட்டித்தராது. அந்த எல்லை தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். உங்களுக்கு இது முழுதாகத் தேவையில்லை, பத்தில் ஒரு வீட்டை இன்னொருவர் புதிதாக எடுத்து ஒப்பிட்டாலே போதும்.

யாரை அனுப்புவது என்பதில்தான் நான் மிகவும் பிடிவாதமாக இருப்பேன். வெளியூர்ப் பட்டதாரியைவிட, எட்டாவது படித்த உள்ளூர்ப் பெண் மேல். வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் 1966-இல் தொடங்கிய கணக்கெடுப்பில், முதல் ஆண்டுகளில் வீடு வீடாகப் போனவர்கள் கிராமத்து மருத்துவச்சிகள், பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத, வயது முதிர்ந்த விதவைகள். அவர்கள் பார்த்து வந்து சொல்ல, வேறொருவர் எழுதினார். உலகிலேயே நெடுங்காலம் தொடரும் நம்பகமான மக்கள்தொகைத் தரவுகளில் ஒன்று அப்படித்தான் ஆரம்பித்தது. உள்ளூர்ப் பெண்ணை அனுப்புவதில் ஒரே ஆபத்து, ரகசியம். அவர் சொந்தத் தெருவில் கேட்கக்கூடாது, பக்கத்துக் குடியிருப்புக்கு மாற்றி அனுப்புங்கள். உங்கள் பகுதியில் இருளர் பேச்சோ வேறு பேச்சோ புழங்கினால், கேள்வியை அந்தப் பேச்சிலேயே சொல்லிப் பழக்க வேண்டும். நம் எழுத்துத் தமிழ் அங்கே அந்நிய மொழி.

நேரமும் பாருங்கள். பகல் பதினொரு மணிக்கு வேலை செய்கிறவர்கள் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். விடிகாலையோ பொழுது சாய்ந்த பிறகோதான். தை முதல் ஆனி வரை குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போகிறவர்கள் இருந்தால், பூட்டிய வீட்டுக்கு "ஆளில்லை" என்று எழுதிவிட்டு வந்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டில் கேட்டு ஆட்களைப் பதியுங்கள், சூளை எங்கே என்றும் எழுதிக்கொள்ளுங்கள். 2011 கணக்கெடுப்பில் வீடற்றவர்களை எண்ணுவதற்கென்றே பிப்ரவரி 28 இரவை ஒதுக்கினார்கள். நகரும் மக்களுக்கு அப்படி ஒரு தனி ஏற்பாடு இல்லாமல் முடியாது.

ஒப்புதல் வாங்கும்போது கைநாட்டு கேட்காதீர்கள். இது என் உறுதியான கருத்து. படிக்காத குடும்பங்களுக்குக் கைநாட்டு என்றால் வட்டிக்கடன், எழுதிக்கொடுத்த நிலம், ஏமாந்த பத்திரம். மை டப்பாவை எடுத்ததும் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். என்ன கேட்கப் போகிறோம், எதற்கு, மறுத்தால் ஒன்றும் ஆகாது என்பதை வாயால் சொல்லி, அவர் நம்பும் ஒருவர் பக்கத்தில் இருக்க, வாயால் ஒப்புதல் வாங்கி, சொன்னோம் என்று கணக்கெடுப்பாளரே கையெழுத்திடலாம். தேசியக் குடும்பநல ஆய்வும் அப்படித்தான் செய்கிறது.

சரி, படம் போட்ட படிவம். படம் எல்லோருக்கும் புரியும் என்பது படித்தவர்களின் நம்பிக்கை. படம் பார்ப்பதும் பழகிய திறமைதான். அழும் முகம், சிரிக்கும் முகம், அம்புக்குறி இவையெல்லாம் புத்தகத்தோடு வளர்ந்தவர்களுக்கே இயல்பு. கையில் எண்ணக்கூடிய பொருள், நேரில் காட்டக்கூடிய பொருள்தான் நல்லது. அளவு கேட்க அவர்கள் வீட்டில் அளக்கும் படியையே எடுத்துவரச் சொல்லுங்கள். எழுத்தறிவையே பதிய வேண்டுமானால், "படிக்கத் தெரியுமா?" என்ற கேள்வி வேண்டாம், அது ஒருவரைத் தலைகுனிய வைக்கும். குடும்பநல ஆய்வில் செய்வதுபோல் ஓர் எளிய வாக்கியம் எழுதிய அட்டையைக் காட்டி, "இதுல எவ்வளவு வாசிக்க முடியுதோ வாசிங்க" என்றால் போதும்.

உங்கள் படிவம் இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் மேலே பேச்சுமொழிச் சொற்றொடர், கீழே எழுத இடம், ஓரத்தில் காலண்டர். முதலில் ஒரு குடியிருப்பில் முப்பது வீடு மட்டும் எடுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் கிளம்புமுன் எழுதியதை உரக்கப் படித்துக் காட்டுங்கள்: "ராசம்மா, வயசு அறுபத்திரண்டு, அம்பத்திரண்டு புயல்ல ஆடு மேய்ச்சவங்க, மக மூணு பேர், மகன் ஒருத்தர்..." படிக்கத் தெரியாதவர் தம் பதிவைச் சரிபார்க்க அது ஒன்றுதான் வழி. நடுவிலேயே நிறுத்தி, "இல்ல இல்ல, ரெண்டாவது பொண்ணு ஆடியில பிறந்தவ" என்று திருத்துவார்கள். அந்த முப்பது வீட்டில் என்னென்ன திருத்தினார்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள், மீதிப் படிவத்தை அதை வைத்துச் செய்யலாம்.